செமி-ஆட்டோ ஷாட்கன் வாங்கப் போகிறவருக்கு

கேள்வி டல்லாஸ் பக்கம் குடியிருக்கும் ஒரு நண்பருடையது. க்ரீன் கார்டு வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் க்ளே ஷூட்டிங், அதாவது வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டு, போய்ப் போய் அதில் பிடிப்பு உண்டாகிவிட்டது. இனி வாடகைத் துப்பாக்கி வேண்டாம், சொந்தமாக ஒரு 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் கூடினால் குழல் சிறுக்கும்) செமி-ஆட்டோ வாங்கலாம் என்று இருக்கிறார். எதை வாங்குவது, எப்படிப் பேணுவது, என்னென்ன மாற்றலாம், மனைவிக்கும் ஆசை இருக்கிறது, அவருக்கு எது சரி என்று கேட்கிறார்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். செமி-ஆட்டோ ஷாட்கன் ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே திறந்து, வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை ஏற்றிக்கொள்கிறது. அந்த வேலைக்கான சக்தி அதற்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே துடைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது, எந்த உதிரி பாகம் பணத்துக்குப் பிடித்த கேடு என்பதெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும். கையில் இருக்கும் பணத்தைத் துப்பாக்கியின் மேல் மாட்டும் பொருள்களில் போடாதீர்கள். உங்கள் உடம்புக்கு ஏற்ற ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்கட்டை), பயிற்சி, தோட்டா இந்த மூன்றில் போடுங்கள்.

சட்டத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடையில் வாங்கும்போது 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்புவீர்கள். ஷாட்கன், ரைபிள் வாங்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 18 வயது ஆகியிருக்க வேண்டும். க்ரீன் கார்டு உள்ளவருக்குத் தடை இல்லை. ஆனால் எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் பொதுவாகத் தடை உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு. இந்த நுணுக்கம் தெரியாமல் நம்மவர்கள் சிக்கிக்கொள்ள இடம் இருக்கிறது. உங்கள் நண்பர்கள் யாராவது எச்-1பியில் இருந்தால், படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள். படிவத்தில் தவறான தகவல் எழுதுவதே பெருங்குற்றம், அதோடு குடியேற்ற வாழ்க்கையும் போய்விடும். டெக்சஸை விட்டு வேறு மாநிலத்துக்கு மாறினால் அங்கத்திய சட்டத்தைத் தனியாகப் பாருங்கள். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருக்கவே எஃப்.ஓ.ஐ.டி. அட்டை வேண்டும். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும் முற்றிலும் வேறு பாதை. இங்கே நான் எழுதுவது எதுவும் அங்கே பொருந்தாது.

இனி உள்ளே இருக்கும் பொறி. வெற்றிகரமான முதல் செமி-ஆட்டோ ஷாட்கன் ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த ஆட்டோ-5. பல ஆண்டுகளாகத் தன் வடிவங்களை வாங்கிவந்த வின்செஸ்டரிடம்தான் அதை முதலில் கொண்டுபோனார். இதற்கு மொத்தப் பணம் வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்ட்டி வேண்டும் என்றார். வின்செஸ்டர் மறுத்தது. ரெமிங்டன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைப் பார்க்கப் போனார். 1902 ஜனவரியில் அவருடைய அலுவலகத்தில் பிரௌனிங் காத்திருந்தபோதே ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துவிட்டார். கடைசியில் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் அதைத் தயாரித்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அந்தத் துப்பாக்கி தயாரிப்பில் இருந்தது. முதுகு தூக்கிய அந்த ரிசீவரை (பொறி அடங்கிய நடு உடல்) இன்றும் டெக்சஸ் பழைய கடைகளில் பார்க்கலாம்.

ஆட்டோ-5 லாங் ரீகாயில் முறையில் ஓடுவது. சுட்டதும் பேரலும் (குழல்) போல்ட்டும் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டு) ஒன்றாகப் பூட்டியபடியே முழுத் தூரமும் பின்னே வரும். பிறகு பேரல் முன்னே போகும், போல்ட் பின்தங்கும், அந்த இடைவெளியில் வெற்றுத் தோட்டா வெளியேறும். மேகசின் ட்யூப்பின் (அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் குழாய்) மேல் இருக்கும் உராய்வு வளையங்களை லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, கனமான தோட்டாவுக்கு வேறு மாதிரி அடுக்க வேண்டும். கனமான தோட்டாவைப் போட்டுவிட்டு வளையத்தை லேசான அடுக்கிலேயே விட்டிருந்தால் அடி முழுவதும் ரிசீவரிலும் மர முன்பிடியிலும் இறங்கும். பழைய ஆட்டோ-5களில் முன்பிடி வெடித்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வாங்குவதற்கு முன் முன்பிடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள்.

இன்று சந்தையில் நீங்கள் பார்க்கப்போவது இரண்டு வகை. ஒன்று கேஸ், மற்றது இனெர்ஷியா. கேஸ் வகையில் பேரலின் அடியில் சிறு துளைகள் இருக்கும். ரவை, அதாவது தோட்டாவிலிருந்து பாயும் சிறு குண்டுகள், அந்த இடத்தைத் தாண்டும்போது வெடிவாயுவில் ஒரு சிறு பங்கு அந்தத் துளை வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைப் பின்னே தள்ளும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகையைச் சாதாரண மனிதர் கைக்குக் கொண்டுவந்தது. தோளில் விழும் அடி இதில் கொஞ்சம் நீண்ட நேரத்துக்குப் பரவி விழுவதால் மென்மையாகத் தெரியும். ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது தட்டு சுடுகிறவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் 1100 தன் வாயுவைத் தானே சரிசெய்துகொள்ளாது. 2¾ அங்குலத் தோட்டாவுக்கான பேரலின் துளை அளவு வேறு, 3 அங்குல மேக்னம் (வலுவான) தோட்டாவுக்கான பேரலின் துளை அளவு வேறு. மலிவாகக் கிடைத்தது என்று மேக்னம் பேரல் உள்ளதை வாங்கி லேசான க்ளே தோட்டாவைப் போட்டால் பாதி வழியில் நின்று மக்கர் செய்யும். குறை துப்பாக்கியுடையது இல்லை, அந்தப் பேரல் செய்யப்பட்டதே வேறு தோட்டாவுக்கு. பின்னால் வந்த பெரெட்டா ஏ400 போன்றவற்றில் மிகுதி வாயுவை வெளியே விட வால்வு இருக்கிறது. ரெமிங்டன் வெர்சா மேக்ஸ் இன்னொரு வழியில் போனது. துளைகள் சேம்பருக்குள்ளேயே, அதாவது பேரலில் தோட்டா உட்காரும் இடத்துக்குள்ளேயே, இருக்கும். தோட்டா நீளமாக இருந்தால் அதன் உடம்பே சில துளைகளை மூடிவிடும்.

இனெர்ஷியா வகை இத்தாலியின் உர்பினோவில் 1967இல் தொடங்கிய பெனெல்லியின் அடையாளம். புரூனோ சிவோலானி என்ற பொறியாளரின் யோசனை. இதில் வாயுத் துளை கிடையாது. போல்ட்டின் தலைக்கும் உடலுக்கும் நடுவே தடித்த சிறு ஸ்பிரிங் ஒன்று இருக்கும். சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னே குதிக்கும். கனமான போல்ட் உடல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதனால் ஸ்பிரிங் நசுங்கும். அடுத்த கணம் அந்த ஸ்பிரிங் போல்ட் உடலைப் பின்னே எறியும், தலை சுழன்று பூட்டு திறக்கும். பஸ் திடீரென்று கிளம்பும்போது நிற்கிறவர் பின்னால் சாய்கிறாரே, அதே தத்துவம்தான். கரி பெரும்பாலும் பேரலோடு போய்விடுவதால் உள்ளே சுத்தமாக இருக்கும், பாகங்களும் குறைவு. ஆனால் இது ஓட வேண்டுமானால் துப்பாக்கி தாராளமாகப் பின்னே குதித்தாக வேண்டும். மேலே விளக்கு, பக்கத்தில் தோட்டாப் பட்டி, முன்னே நீட்டிய மேகசின் என்று எடையை ஏற்றிக்கொண்டே போனால் குதிப்பு குறையும். லேசான தோட்டாவில் அப்போது போல்ட் முழுதாகத் திறக்காது. வாங்கிய புதிதில் நன்றாக ஓடியது இப்போது ஏன் சிக்குகிறது என்று கேட்கிற பலருக்கும் பதில் அவர்கள் பூட்டிய பொருள்களிலேயே இருக்கிறது. பெனெல்லி எம்4 இதற்கு விதிவிலக்கு. அமெரிக்க மரைன் படை எம்1014 என்ற பெயரில் எடுத்துக்கொண்ட அந்தத் துப்பாக்கியில் இரண்டு சிறு கேஸ் பிஸ்டன்கள் இருக்கின்றன, கூடுதல் எடையை அது தாங்கும்.

உங்களுக்கு நான் சொல்வது கேஸ் வகை. க்ளே ஷூட்டிங்தான் நோக்கம், தோள் வலிக்காமல் நாள் முழுக்கச் சுட வேண்டும், லேசான தோட்டா ஓட வேண்டும். பெரெட்டா ஏ300 வரிசை ஆயிரம் டாலரை ஒட்டிக் கிடைக்கும், முதல் துப்பாக்கிக்கு அது போதும். நல்ல நிலையில் பழைய 1100 கிடைத்தாலும் தயங்க வேண்டாம். சதுப்பிலும் மழையிலும் வாத்து வேட்டைக்குப் போகிறவராக இருந்தால் இனெர்ஷியா என்று சொல்லியிருப்பேன்.

புதிதாக வாங்கியதும் முதலில் கொஞ்சம் கனமான தோட்டாவைச் சுட்டுப் பழக்குங்கள். ஸ்பிரிங்குகள் இறுக்கமாக இருக்கும், உரசும் பரப்புகள் இன்னும் வழவழப்பாகியிருக்காது. ஒரு அவுன்ஸ் ரவை உள்ள லேசான தோட்டாவுக்கு அதன்பின் இறங்கலாம்.

பராமரிப்புக்கு வருவோம். துடைக்க உட்காரும்போது நீங்கள் இருக்கும் வீட்டு அறையில் தோட்டா இருக்கவே கூடாது. போல்ட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள், பிறகு விரலை விட்டுச் சேம்பரையும் மேகசின் ட்யூப்பின் வாயையும் தொட்டுப் பாருங்கள். ட்யூப்பில் ஒரு தோட்டா ஒளிந்திருப்பது வெளியிலிருந்து தெரியாது. அதன் பிறகே முன்பிடி மூடியைத் திருகிக் கழற்றுங்கள்.

கேஸ் துப்பாக்கியில் மேகசின் ட்யூப்பின் வெளிப்பக்கமும் பிஸ்டனும் கரி பிடிக்கும் இடங்கள். சூடு ஆறுவதற்குள் துடைத்தால் துணியோடு வந்துவிடும், ஒரு மாதம் விட்டுவிட்டால் சுரண்ட வேண்டியிருக்கும். எண்ணெய் அதிகம் போட்டால் நல்லது என்ற நினைப்பு பலருக்கு உண்டு. கேஸ் பாகங்களில் எண்ணெய் கரியோடு கலந்து பசையாகிவிடும். அங்கே ஏறக்குறைய உலர்ந்த நிலையே சரி, துருப்பிடிக்காதபடி ஒரு மெல்லிய பூச்சு இருந்தால் போதும். போல்ட் ஓடும் தண்டவாளங்களில் இரண்டு மூன்று துளி விடலாம். டபிள்யூ.டி-40 நாளாக நாளாகப் பிசுபிசுப்பாகும், அதைத் துப்பாக்கி எண்ணெயாக நினைக்காதீர்கள். 1100இல் பேரல் சீல் என்று ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. சில டாலர் பெறாத பொருள். அது வெடித்துவிட்டால் வாயு கசிந்து, துப்பாக்கி பாதி வழியில் நிற்கும். இரண்டு மூன்று உபரியாகப் பையில் வைத்திருங்கள், வளையங்களைக் கழற்றும்போது எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேம்பரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பேரலின் உள்ளே துணி ஓட்டினால் முடிந்தது என்று நினைப்பார்கள். சேம்பர் பேரலின் துளையைவிட அகலம், சாதாரண பிரஷ் அதைச் சரியாகத் தொடாது. அங்கே பிளாஸ்டிக் படிவும் லேசான துருவும் சேர்ந்தால், இரும்பு அடி கொண்ட மலிவு விலைத் தோட்டாக்கள் சூட்டில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். சேம்பருக்கென்று உள்ள வெண்கல பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

1100, பெனெல்லி இரண்டிலும் போல்ட்டை முன்னே தள்ளும் ஸ்பிரிங் ஸ்டாக்கின் உள்ளே ஒரு குழாயில் இருக்கிறது. கண்ணில் படாத இடம். மழையில் நனைந்த துப்பாக்கியில் நீர் அங்கே தங்கித் துரு பிடிக்கும், போல்ட் சோம்பலாக மூடும். நனைந்தால் ஸ்டாக்கைக் கழற்றி அதையும் பார்க்க வேண்டும். கை வராதவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்துவிடுங்கள். ட்ரிகர் தொகுதியை முழுதாக வெளியே எடுத்து, தூசி தட்டி, ஒரு துளி எண்ணெய் விட்டு அப்படியே திருப்பி வையுங்கள். வெளியே இருக்கும்போது அதன் சுத்தியலை (ட்ரிகரை இழுத்தால் மோதும் பாகம்) தட்டிவிடாதீர்கள், தாங்க எதுவும் இல்லாமல் வேகமாக மோதிப் பாகம் உடையும். அதற்கு மேல் பிரிக்கவும் வேண்டாம்.

மரத்தில் ஸ்டாக் உள்ள துப்பாக்கியைத் துடைத்த அன்று குழல் வாய் கீழே பார்க்கச் சாய்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெல்ல மெல்ல ரிசீவரிலிருந்து ஸ்டாக்கின் கழுத்துக்குள் இறங்கி மரத்தை மென்மையாக்கும். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். கரியில் ஈயம் இருக்கிறது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கி துடைக்கவே கூடாது.

மாற்றங்களில் முதலிடம் ஸ்டாக் அளவுக்கு. ஷாட்கனுக்குப் பின்பக்கக் குறி கிடையாது, உங்கள் கண்தான் அந்தக் குறி. கன்னம் ஸ்டாக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் ரவை பார்த்த இடத்துக்குப் போகும். ட்ரிகரிலிருந்து ஸ்டாக்கின் முனை வரை பெரும்பாலும் 14¼, 14⅜ அங்குலம் வைத்துத்தான் கம்பெனிகள் செய்கின்றன. நடுத்தர உயரமுள்ள நம்மவர்களில் பலருக்கு அது நீளம். நீளமான ஸ்டாக்கைத் தூக்கினால் அக்குளில் மாட்டும், தலையை முன்னே நீட்ட வேண்டி வரும், தோள் குழியில் உட்காராமல் புஜத்தில் அடி விழும். வீட்டில், காலி என்று இருமுறை சோதித்த துப்பாக்கியை, பாதுகாப்பான திசை பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள். கண்ணைத் திறந்தால் முன்மணி (குழல் வாயருகே உள்ள சிறு குறிமணி) பேரல் விலாவின் (குழலின் மேல் ஓடும் தட்டைப் பட்டை) நடுவே தெரிய வேண்டும். விலா நிறையத் தெரிந்தால் கன்னம் உயரத்தில் இருக்கிறது, ரிசீவரின் முதுகு மறைத்தால் தாழ்வில் இருக்கிறது. பெரெட்டா, பெனெல்லி பெட்டியிலேயே ஸ்டாக்குக்கும் ரிசீவருக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடுகள் வரும். அவற்றை மாற்றி உயரத்தையும் பக்கச் சாய்வையும் திருத்தலாம். இதற்குச் செலவே இல்லை. இதைச் செய்யாமல் முன்னூறு டாலர் உதிரி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது சோக். பேரல் வாயில் திருகும் சிறு குழாய் அது, ரவை எவ்வளவு விரிந்து போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் இம்ப்ரூவ்டு சிலிண்டர் ஏறத்தாழ பாதி ரவையையும், மாடிஃபைடு 60 சதவீதத்தையும், ஃபுல் 70 சதவீதத்தையும் போடும் என்பது பழைய கணக்கு. உங்கள் துப்பாக்கியும் உங்கள் தோட்டாவும் என்ன செய்கின்றன என்பதைப் பெரிய தாளில் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். தட்டு குறுக்கே பறக்கும் ஸ்கீட் போட்டிக்கு விரிந்தது, தட்டு விலகிப் பறக்கும் ட்ராப் போட்டிக்கு இறுகியது. துப்பாக்கியோடு வரும் மூன்று சோக்குகளே முதல் வருடத்துக்குப் போதும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், நடுநடுவே, துப்பாக்கி காலியாக இருக்கும்போது மட்டும், இறுக்கிப் பாருங்கள். சோக் இல்லாமல் சுட்டால் மரை பாழாகும். வாத்து வேட்டையில் 1991 முதல் அமெரிக்கா முழுவதும் ஈய ரவைக்குத் தடை. இரும்பு ரவை ஈயம்போல நசுங்காது, அதனால் ஃபுல் சோக்கில் இரும்பைச் சுட வேண்டாம். பெல்ஜியத்தில் செய்த பழைய ஆட்டோ-5 பேரலில் இரும்பு ரவையே போடக் கூடாது.

மற்ற மாற்றங்களை வேகமாகச் சொல்கிறேன். கொஞ்சம் பெரிய போல்ட் கைப்பிடி, பெரிய போல்ட் விடுவிக்கும் பொத்தான், நல்ல ரீகாயில் பேட் இவை பயனுள்ளவை, மலிவு, நீங்களே மாட்டலாம். நீட்டிய மேகசின் 3-கன் (ரைபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றும் சுடும்) போட்டிக்காரர்களுக்கு வேண்டியது, உங்களுக்கு வேண்டாம். புறா, வாத்து போன்ற வலசைப் பறவை வேட்டையில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி ட்யூப்பில் அடைப்பு இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. நிறம், பூச்சு எல்லாம் உங்கள் விருப்பம். ட்ரிகர் எடையைக் குறைப்பதும், வாயுத் துளையைப் பெரிதாக்குவதும் கன்ஸ்மித் வேலை. வீட்டில் துளை போட்டவருக்கு லேசான தோட்டா ஓடும், அடுத்த முறை கனமான தோட்டாவில் போல்ட் ரிசீவரைச் சம்மட்டியாக அடிக்கும். பேரலை 18 அங்குலத்துக்குக் கீழே வெட்டினால் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முன்கூட்டிய பதிவு இல்லாமல் அது பெருங்குற்றம். வெளிநாட்டில் செய்து இறக்குமதியான செமி-ஆட்டோவில், அதாவது பெனெல்லி எம்4 போன்றவற்றில், மேகசினை நீட்டுவதற்கு முன் கூட்டாட்சிச் சட்டத்தின் 922(ஆர்) பிரிவைப் படியுங்கள். விளையாட்டுக்கு உரியதல்ல என்று கருதப்படும் வடிவத்துக்கு மாற்றினால், பட்டியலிட்ட பாகங்களில் பத்துக்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக் கூடாது.

களத்தில் இரண்டு நிலைமைகள் வரும். ட்ரிகரை இழுத்தால் க்ளிக் மட்டும், வெடி இல்லை. குழலைத் தட்டுப் பக்கமே நீட்டி முப்பது வினாடிக்குக் குறையாமல் காத்திருந்து பிறகு திறங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. இனெர்ஷியா துப்பாக்கியில் போல்ட்டைக் கையால் மெதுவாக மூடினாலும் இந்த க்ளிக் வரும், தலை முழுதாகச் சுழன்று பூட்டியிருக்காது. போல்ட்டை விட்டுவிடுங்கள், தன் வேகத்தில் மூடட்டும். இரண்டாவது, வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். துப்பாக்கியைக் காலி செய்து, பேரலைக் கழற்றி, ஒளியில் பிடித்துப் பாருங்கள். உள்ளே அடைப்பு நின்றிருந்தால் அடுத்த வெடியில் பேரல் பிளக்கும். காதுக்குச் செருகியும் அதன் மேல் மூடியும் இரண்டும் போடுங்கள், ஷாட்கன் சத்தம் 150 டெசிபெலைத் தாண்டும். ட்ராப்பில் ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் ஏற்றுங்கள். செமி-ஆட்டோ வெற்றுத் தோட்டாவை வலப்பக்கம் எறியும், அடுத்த நிலையில் நிற்கிறவர் முகத்தில் படாமலிருக்க ரிசீவரில் ஒரு சிறு தடுப்பு மாட்டிக்கொள்வது அங்கே மரியாதை. வீட்டில் துப்பாக்கி இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு பூட்டில், சாவி குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்.

கடைசியாக உங்கள் மனைவிக்கு. இலேசான 12 கேஜை விட 20 கேஜ் கேஸ் செமி-ஆட்டோ நல்லது, குட்டை ஸ்டாக் உள்ள மாடலைத் தேடுங்கள். ஆனால் வீட்டுக்குள் இரண்டு கேஜ் வந்துவிட்டால் ஒரு பெரிய ஆபத்தும் கூடவே வருகிறது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பருக்குள் வழுக்கிப் போய், அதைத் தாண்டிக் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் வெடிக்காது. தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்து மேலே ஒரு 12 கேஜைப் போட்டுச் சுட்டால், முன்பிடியைப் பிடித்த கை இருக்கும் இடத்துக்கு அருகிலேயே பேரல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இருவருக்கும் தனித்தனித் தோட்டாப் பை வாங்குங்கள். துப்பாக்கியை மாற்றிக் கொடுத்துச் சுடும்போது சட்டைப்பை, பெல்ட் பை எல்லாவற்றையும் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு மாற்றுங்கள்.